கரடி மடியில் காதுகுத்து

சிறுவர் கதை எழுதுகிறவர்களுக்குக் கற்பனை அதிகம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். எங்களுக்கு அதிகமாக இருப்பது சொந்தக்காரர்கள்தான். “இத்தனை புத்தகம் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் குடும்பப் பின்னணி என்ன?” என்று பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அந்தப் பின்னணிக்கு நாலு காலும் ஒரு வாலும் வைத்தால் புத்தகம் முடிந்தது என்று நான் அவர்களிடம் சொல்வதில்லை.

சிங்கம்புணரிப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தேன். பகலில் வங்கி வேலை, வீடு திரும்பினால் கதை. அப்பாவின் தங்கை வெள்ளையம்மா அயித்தை (மூச்சு வாங்குவதற்கு மட்டும் பேச்சை நிறுத்துவார்) வாயாடி வாத்து ஆனார். காலையில் கடைக்கு அனுப்பினால் பொழுது சாய்ந்து திரும்பும் சித்தப்பா ஆமை. என் ஒரே அண்ணன் சோலை, நெல் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவன், வயிறும் கொட்டாவியுமாகத் திரிந்ததால் கரடி. எல்லாரையும் காப்பாற்றிக் கடைசிப் பக்கத்தில் கைதட்டு வாங்கும் புத்திசாலி முயல் யார் என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பயமே இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் புத்தகம் படிப்பதில்லை. என் எழுத்து வாழ்க்கையே அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது.

அதை நானே என் கையால் கெடுத்தேன். மகள் கயலுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தோம். விற்காமல் திரும்பி வந்த என் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடந்து, தினமும் என் கணவரின் கால் விரலைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தன. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு புத்தகம் போட்டுவிட்டால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. போகும்போது கொடுக்க வேண்டிய பை அது. கறிச்சோறு சாப்பிட்ட மயக்கத்தில் வாங்காமல் போய்விடுவார்களோ என்று பயந்து, வந்தவுடனே கொடுத்துவிட்டேன். (புகழ் ஆசை அப்படி.)

மொட்டை முடிந்தது. காது குத்தும் ஆசாரியின் வண்டி வழியில் பஞ்சர். குத்தி முடியாமல் பந்தி கிடையாது. கண்மாய்க் கரையில் இருக்கும் அந்தக் கோயிலில் செல்போனுக்கு டவரும் கிடையாது. கிடா வேகும் வாசனையை மோந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பார்கள்? வேறு வழியில்லாமல், எங்கள் வம்சத்தில் முதல்முறையாக, எல்லாரும் புத்தகத்தைப் பிரித்தார்கள்.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, சத்தமாகவே படித்தாள். “கொட்டாவிக் கரடி தேன் எடுக்கப் போய்க் கிணற்றில் விழுந்தது. முயல் கயிறு போட்டுத் தூக்கியது.” படித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கயலை மடியில் வைத்திருந்த அண்ணன் அப்போதுதான் ஒரு கொட்டாவி விட்டு முடித்திருந்தான்.

“ஏங்க, இது நீங்கதான?”

“அப்ப இந்த வாத்து?” என்றார் அயித்தை. எல்லாரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். “நாந்தானா? அடி என் தங்கம், என்னையும் மதிச்சு அட்டையில போட்டுருக்காளே” என்று அட்டையைத் தூக்கிப் பிடித்து, வேண்டாதவர்களிடம்கூடக் காட்டிக்கொண்டு போனார்.

அண்ணன் கயலை என் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேனை நோக்கி நடந்தான். சொல்லி வைத்தாற்போல் ஆசாரி வந்து இறங்கினார்.

“மச்சான், எங்குட்டுப் போறீக?” என்று கணவர் பின்னாலேயே ஓடினார்.

“வீட்டுக்கு, மாப்ள. கரடிக்கு இங்க என்ன சோலி?”

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. இருக்கிற ஒரே தாய்மாமன் கோபித்துக்கொண்டு போனால், காது குத்தாமல் போவதோடு விஷயம் முடியாது. அண்ணன் தங்கை உறவு அறுந்தது என்று கூடியிருந்த அத்தனை பேரும் தீர்மானித்துவிடுவார்கள். ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

“கரடின்னு எழுதுனதுக்கா கோவிச்சுக்கிட்ட?”

“கரடின்னு எழுது, கழுதைன்னு எழுது. எனக்கு அது பெருசில்ல. நம்ம தோட்டத்துக் கெணத்துல விழுந்தது யாரு?”

நான் வேன் கதவில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன்.

“புது ரிப்பன் அழகா இருக்கான்னு தண்ணிக்குள்ள எட்டிப் பாத்து விழுந்தது யாரு? அரகொற நீச்சல வச்சுக்கிட்டுக் குதிச்சது யாரு?”

“நீதாண்ணே.”

“அப்பக் கரடிய எதுக்குக் கெணத்துல தள்ளுன?”

“கதைக்கு அதுதான் நல்லாருந்துச்சு.”

வாழ்க்கையில் நான் சொன்ன பதில்களிலேயே மட்டமான பதில் அது. அண்ணன் வேன் சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

“சரி. நடந்தத நடந்தபடி எல்லாத்துக்கும் கேக்குற மாதிரி சொல்லு. சொல்லி முடிச்சா வந்து உக்காருறேன்.”

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கதை சொல்லிக் கைதட்டு வாங்குகிறவள் நான். அன்று, பசியோடு இருந்த சொந்தக்காரர்கள் நடுவில் நின்று, “ஒரு ஊரில் ஒரு முயல்” என்று ஆரம்பித்தேன்.

“எந்த ஊரு?” என்றார் சித்தப்பா.

“நம்ம ஊருதான்.”

“அப்ப என்ன முயலு? பேரச் சொல்லு.”

சொன்னேன். எந்தப் பதிப்பாசிரியரும் என்னை அப்படித் திருத்தியதில்லை. ரிப்பன் நீலம் என்றேன். செவப்பு என்றார் அயித்தை. வெளியே வந்ததும் அண்ணனுக்கு நன்றி சொன்னேன் என்றேன். “எங்க சொன்ன? ரிப்பன் போச்சேன்னு அவனப் போட்டு அடிச்ச” என்றார். (அடித்தது உண்மை.) “கொஞ்சம் வெரசா முடிங்க, நேரம் போகுது” என்றார் ஆசாரி.

அண்ணன் குதித்த இடம் வந்தது. தண்ணீருக்குள் அவன் கை என் சடையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கையை ஒரு பாட்டுப் போல ஊரெல்லாம் சொல்லியிருக்க வேண்டியவள், கொட்டாவியை மட்டும் எழுதிப் பேர் வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அயித்தை அதற்கும் விடவில்லை. “அழுகாமச் சொல்லு, பின்னாடி இருக்கவுகளுக்குக் கேக்கல.”

முடித்தேன். கைதட்டவில்லை யாரும். அண்ணன் வந்து உட்கார்ந்தான், கயல் மடியில் ஏறினாள். ஊசி இறங்கியதும் அவன் கட்டைவிரலைக் கடித்தாள். ஆவென்று கத்தியது அவன்தான். ராகுகாலத்துக்கு முன்னால் பந்தி விரித்துவிட்டோம்.

அதன் பிறகு குடும்பத்தில் என் தொழில் ரகசியம் தெரிந்துபோனது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தனக்கு மயில் வேஷம் கேட்கிறார்கள். (தரவேண்டியது பெரும்பாலும் பன்றி.) தாம்பூலப் பையை யார் நீட்டினாலும், முதலில் உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு, “கரடி எதுவும் இல்லையே?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

கயல் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள்; போன மாதம் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுவருவதை ஊருக்கு அறிவிக்க, மண்டபத்து வாசலில் அண்ணன் ஒரு பெரிய பிளக்ஸ் வைத்திருந்தான். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டு அவன். கீழே கொட்டை எழுத்தில், ‘தாய்மாமன் கரடி’. எங்கள் ஊர் பிளக்ஸில் வீட்டுக் குழந்தைகளின் தலைகளை வரிசையாகப் போடும் கீழ் மூலையில் ஒரு கிணறு வரைந்திருந்தது. கிணற்றுக்கு மேலே நீளமாக இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன. ஒரு காதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.