வைக்கோல் மனிதனின் இடது கால்

சிலையின் தலை கீழே விழுந்து நாலு துண்டாக உடைந்தபோது மணி பதினொன்று. திறப்பு விழா நாலு மணிக்கு.

பழனிச்சாமி துண்டுகளைப் பார்த்தார். தலையில்லாத சிலையைப் பார்த்தார். பிறகு, யாராவது பார்த்துத் தொலைத்தார்களா என்று வாசலைப் பார்த்தார். அங்கே துடைப்பமும் கையுமாக முத்தம்மா நின்றிருந்தாள்.

"போட்டு உடைச்சிட்டீங்களா சார்?"

"மெதுவாப் பேசும்மா! சாக்கைப் பிரிச்சேன், அதுவா விழுந்துச்சு."

தொம்மலூரில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தச் சின்ன கலைக்கூடம். அதற்குப் பழனிச்சாமி மேனேஜர். மேனேஜர் என்பது பெயருக்குத்தான். ஆணி அடிப்பது முதல் காபி வரவழைப்பது வரை எல்லாம் அவர் தலையில். ஈரோட்டிலிருந்து வந்து சேர்ந்த மூன்று மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. முதலாளியம்மா வேதநாயகி நேற்றே சொல்லிவிட்டார்: "விழா நல்லபடியா முடிஞ்சா நாளையிலேர்ந்து நீங்க பர்மனென்ட். ஏதாவது சொதப்பினீங்கன்னா நாளையிலேர்ந்து வரவே வேணாம்." ஈரோட்டில் மனைவி பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

சிலையைச் செய்தவர் ஷ்ரேயாஸ் என்ற பெரிய சிற்பி. மனித உடம்பும் இயற்கையும் ஒன்றேதான் என்று சிலை சிலையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். புதுச் சிலைக்குப் பெயர் 'உள்ளே ஒரு காடு'. திரையை விலக்கும்போதுதான் உலகம் அதை முதல் முறை பார்க்க வேண்டும் என்று வேதநாயகிக்குக்கூடப் படம் அனுப்பவில்லை, மகானுபாவர்.

காலையில் டெம்போக்காரர் போன் செய்தபோது பழனிச்சாமி டீக்கடையில் போண்டாவும் கையுமாக இருந்தார். "காம்பவுண்டு சுவத்துல சாத்திட்டுப் போங்க, வந்து எடுத்துக்கறேன்" என்றுவிட்டார். போண்டா முடிந்து வந்து பார்த்தால், சாக்கில் சுற்றி ஆள் உயரத்துக்குச் சுவரோடு சாய்ந்து நின்றது. உள்ளே தூக்கி வந்தார். வைக்கோலும் கயிறுமாக ஓர் உடம்பு. கழுத்துக்கு மேலே, கண் மூக்கு எதுவும் இல்லாத வெறும் மண்பானை. அந்தப் பானைதான் இப்போது நாலு துண்டாகக் கிடந்தது.

முத்தம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "சார், இதைப் பார்த்தா எனக்கு..."

"கலையைப் பத்தி உனக்கென்ன தெரியும்? ஓடிப்போய் ஒரு பானை வாங்கிட்டு வா!"

முத்தம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். எதிர் நர்சரியிலிருந்து பானையோடு திரும்பினாள். பானைக்குள் மண்ணும், மண்ணில் ஒரு மணிபிளான்ட்டும் இருந்தன.

"வெறும் பானை குடுக்க மாட்டானாம். செடியோட எடுத்துக்கோன்னான்."

"செடியைப் பிடுங்கிடலாமா?"

"பச்சைச் செடியைப் பிடுங்குவீங்களா? பாவம் சார்."

சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று செடியோடு கழுத்தில் வைத்துக் கட்டினார். மண் நிறைந்த தலை கனத்தது. பத்து நிமிடத்தில் சிலை, மாமியாருக்கு முன்னால் நிற்கும் புது மருமகன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. முதுகில் ஒரு கம்பைச் செருகி நிமிர்த்தினார். தலை நிமிர்ந்தது, இடது கால் கழன்று கையில் வந்தது.

"உட்காந்து கட்டினாத்தான் சரிப்படும்" என்று காலைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கயிறு எடுக்க உள்ளே வந்தார். இரண்டே நிமிடம்தான். திரும்பிப் போனால் ஒரு பசு மாடு நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயோரம் கயிறு ஒன்று தொங்கியது.

"ஐயையோ! காலைத் தின்னுடுச்சே!"

மாடு பழனிச்சாமியை ஏற இறங்கப் பார்த்தது. மிச்சக் கால் இருக்கிறதா என்று கேட்பதைப் போல இருந்தது அந்தப் பார்வை.

மணி இரண்டு. முத்தம்மாவின் தென்னந்துடைப்பத்தைப் பிடுங்கித் தலைகீழாகக் காலுக்குப் பதில் கட்டினார். சிலை நின்றது. ஆனால் வெக்கையில் மணிபிளான்ட் வாடிக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் பானையின் ஓட்டை வழியாக இறங்கி, மார்பு, வயிறு எல்லாம் நனைத்துவிட்டது. காயவைக்க டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வயிற்றுக்கு நேராக வைத்துச் சுவிட்சைப் போட்டார். நாலாவது வேகம். வயிற்றிலிருந்த வைக்கோல் முழுக்கக் கல்யாண வீட்டு அட்சதை மாதிரி கூடமெங்கும் பறந்தது.

"சார்," என்றாள் முத்தம்மா, தலையிலிருந்த வைக்கோலைத் தட்டியபடி, "நீங்க இனிமே அதைத் தொடாதீங்க சார். கை எடுத்துக் கும்பிடுறேன்."

பழனிச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய செய்தித்தாள், பார்சல் அட்டை, காலைக் குளிருக்குப் போட்டு வந்திருந்த தன் சொந்த ஸ்வெட்டர் என்று அகப்பட்டதையெல்லாம் வயிற்றுக்குள் திணித்துக் கயிறு போட்டு இறுக்கினார். திரையை இழுத்து மூடி, மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று சட்டைப்பையைத் தடவினார். போன் இல்லை. ஸ்வெட்டர் பையில் இருந்தது. ஸ்வெட்டர் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

மறுபடி பிரிக்க நேரமில்லை. வாசலில் வேதநாயகியின் கார் வந்து நின்றது.

"என்ன கண்றாவி டிராஃபிக்!" என்று கோபமாக இறங்கினார். "நம்ம சந்துல திரும்பவே அரை மணி நேரம். நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு அத்தனை பேரும் எதையோ அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. ஷ்ரேயாஸ் இன்னும் முனையிலேயே மாட்டிக்கிட்டு இருக்காராம், நம்மளை ஆரம்பிக்கச் சொல்லிட்டார். சிலை ரெடியா?"

"ரெ... ரெடிங்கம்மா."

சிறப்பு விருந்தினர் சுப்ரமணியன், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதி ஊரை மிரட்டிக்கொண்டிருப்பவர். அவர் நன்றாக எழுதினால் சிலை. இல்லாவிட்டால் வெறும் கல். அவரே திரையை இழுத்தார்.

பழனிச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஈரோட்டுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று யோசித்தார்.

"ஆஹா!" என்றார் சுப்ரமணியன்.

பழனிச்சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தலைக்குப் பதில் தொட்டிச்செடி! காட்டை அழிச்சிட்டு மரத்தைத் தொட்டியில வளர்க்கற நம்ம புத்திதான் இது. இந்தக் கால் பாருங்க, துடைப்பம்! நாம நிக்கறதே துப்புரவுத் தொழிலாளியோட உழைப்புலதான்னு நெத்தியில அடிச்ச மாதிரி சொல்லிட்டார்."

முத்தம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சிலையின் வயிறு உறுமியது. உர்ர்ர்... உர்ர்ர்... ஈரோட்டு மனைவி, பர்மனென்ட் ஆகிவிட்டதா என்று கேட்க அழைத்திருப்பாள்.

சுப்ரமணியன் சிலையின் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். அவர் கண் கலங்கியது. "பசி! பூமியோட பசி! இத்தனை வருஷமா எழுதறேன் அம்மா, இப்படி ஒரு சிலையை நான் பார்த்ததே இல்லை."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நாலைந்து பேர் அந்த உறுமும் வயிற்றோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். வேதநாயகி பழனிச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதமா நிறுத்தி வெச்சிருக்கீங்க! நாளையிலேர்ந்து நீங்க பர்மனென்ட். எல்லார் முன்னாடியும் சொல்றேன், போதுமா?"

பழனிச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த மாட்டுக்கு நாளைக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் போட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் சிமென்ட் தூளாக ஒருவர் உள்ளே வந்தார். பக்கத்து மனையில் நாலு மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி ரவிக்குமார். சிலையை மேலும் கீழும் பார்த்தார். துடைப்பக் காலைப் பார்த்தார். ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார். "அடுகோடிக் கடையில சொல்லிச் செஞ்சு, உங்க காம்பவுண்டு சுவத்துல சாத்தி வெச்சிருந்தோமே. இன்னும் மூஞ்சிகூட வரையல."

"யாருப்பா நீ? என்ன வேணும்?" என்றார் வேதநாயகி.

மேஸ்திரி பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"எங்க திருஷ்டிப் பொம்மையக் குடுத்துடுங்கம்மா, பசங்க தெரியாம உங்க சிலையத் தூக்கி மூணாவது மாடியில கட்டிட்டானுங்க, காலையிலேர்ந்து ஊரே ரோட்டுல நின்னு எங்க கட்டடத்து மேல கண்ணு வெச்சுக்கிட்டு இருக்கு!"