பொத்தேரியில் நான் எடுத்த மேசை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு தொகையைச் சொன்னால் அதற்கு மேல் ஒரு தொகையை என் வாய் சொல்லிவிடும். மருத்துவத்தில் இதற்கு என்ன பெயரோ தெரியாது. இதைக் கிளப்பிவிடும் கிருமியின் பெயர் ஞானராஜ்.

ஞானராஜ் எங்கள் சேலையூர் சபைக்காரர். வருடாவருடம் அறுப்பின் பண்டிகையில், சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணிக்காய், வாழைத்தார், சேவல் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சாதாரணப் பூசணிக்காயை நானும் அவரும் மாறி மாறிக் கேட்டு ஆயிரம் ரூபாயில் கொண்டுபோய் நிறுத்துவோம். பணம் ஆலயத்துக்குப் போகிறது என்பதால் தோற்றவருக்கும் சந்தோஷம்தான். (ஜெயித்தவர் வீட்டில் ஒரு வாரம் பூசணிக்காய்க் கூட்டு.)

என் மகள் ஜெனி பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் முடித்தாள். ஞானராஜின் மகனும் அங்கேதான். படிப்பு முடிந்து சில மாதங்களில், 'பட்டதாரிகளின் பெற்றோர் குடும்ப விழா, மதிய விருந்து உண்டு' என்று வாட்ஸப்பில் அழைப்பு வந்தது. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று புரியாதா? நன்கொடைதான். (நாலு வருடம் கட்டியது போதவில்லை போலிருக்கிறது.)

அப்போதுதான் ஜெனிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சேர வேண்டும். அங்கே அறைக்கு முன்பணம் கொடுப்பதற்காக நாற்பதாயிரம் ரூபாயை என் மனைவி ஸ்டெல்லா வங்கியில் தனியாக வைத்திருந்தாள். அவள் தாம்பரத்தில் கணக்கு டீச்சர். எங்கள் கையிருப்பே அவ்வளவுதான். அதைத் தொட்டால் ஜெனிக்குத் தங்க இடம் கிடையாது.

மின்சார ரயிலில் ஏறியதுமே ஸ்டெல்லா சொன்னாள்: "என்னங்க, சாப்பிட்டோமா வந்தோமான்னு இருக்கணும். அங்க வாயைத் திறக்காதீங்க."

"நானா? ஒரு பைசா தர மாட்டேன். எழுந்து நின்னு நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கப் போறேன், பாரு."

வண்டலூர் வருவதற்குள் அந்தக் கேள்விகளைச் சத்தமாகவே ஒத்திகை பார்த்தேன். எதிர் சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு இடம் தேடிப் போனார்.

விழாவில் கல்லூரி முதல்வர் பேசினார். மாணவிகள் ஆடினார்கள். பிறகு இளம் ஆசிரியை ஒருவர் மைக்கைப் பிடித்தார். புது நூலகத்துக்கு வாசிப்பு மேசைகள் போடுகிறார்களாம். பணம் தருபவரின் பிள்ளை பெயரை மேசையில் பித்தளைத் தகட்டில் பொறித்து வைப்பார்களாம்.

"ஜன்னலோர மேசைக்கு மட்டும் ஜாலியா ஒரு ஏலம் விடலாமா, பேரண்ட்ஸ்?"

என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அஞ்சாயிரம்!" முன்வரிசையில் ஒரு குரல். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஆறு!" இதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். என்னுடையது.

ஸ்டெல்லா என் தொடையில் கிள்ளினாள். வலி தாங்காமல் "பத்து!" என்று கத்தினேன். (என் ஆறுக்கு மேல் நானே பத்து கேட்ட கொடுமையை என்ன சொல்ல?) ஞானராஜ் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். போன பண்டிகையில் என்னிடமிருந்து சேவலைத் தட்டிப் பறித்தபோது சிரித்த அதே சிரிப்பு. அதற்குப் பிறகு நான் என் வசம் இல்லை. அவர் முப்பத்தைந்தாயிரம் வரை வந்தார். நான் "நாப்பது!" என்றேன்.

"பிரதருக்கே இருக்கட்டும்" என்று அவர் கையை விரித்துவிட்டார். மண்டபம் கைதட்டியது. நான் எழுந்து நாலாபக்கமும் கும்பிட்டேன். கும்பிட்டுத் திரும்பி ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்ததும்தான் அது பூசணிக்காய் இல்லை என்று உறைத்தது. மகள் தங்க வேண்டிய அறையை ஒரு மேசைக்காகத் தாரை வார்த்திருந்தேன்.

"சார், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று ஆசிரியை மைக்கை நீட்டினார். ஒத்திகை பார்த்த கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. "அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள்ள கட்டிடறேங்க" என்றேன். (எங்கள் சபையில் அப்படித் தவணை கொடுப்பார்கள்.) முதல்வர் மலங்க மலங்க விழித்தார்.

ஸ்டெல்லா எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"வணக்கம் சார். எங்க சர்ச்ல ஏலம்னா இப்படித்தான் போட்டி போடுவோம். அந்தப் பழக்கத்துல இவர் கேட்டுட்டார். எங்ககிட்ட இருக்கற பணம் பொண்ணு பெங்களூர்ல ரூம் எடுக்கறதுக்கு. அதைத் தர முடியாது, மன்னிச்சுக்கோங்க. ஆனா காலேஜ்ல சேரும்போது லைப்ரரிக்கும் லேபுக்கும்னு பதினஞ்சாயிரம் காஷன் டெபாசிட் வாங்கினீங்க. படிப்பு முடிஞ்சதும் திருப்பித் தர்றதா சொன்னீங்க, இன்னும் வரல. அதை எங்க நன்கொடையா வெச்சுக்கோங்க. மேசை ஞானராஜ் பிரதருக்குப் போகட்டும். முப்பத்தஞ்சு கேட்டவர் அவர்தான்."

ஞானராஜின் சிரிப்பு நின்றது.

"அட ஆமா, எங்களுக்கும் டெபாசிட் வரலையே!" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்புறம் மண்டபமே எழுந்தது. முதல்வரையும் பாராட்டத்தான் வேண்டும். மழுப்பாமல், வேண்டும் என்பவர்களுக்கு உடனே திருப்பித் தரச் சொல்லி அலுவலரை அங்கேயே உட்கார வைத்தார். வாங்கிக்கொண்டவர்கள் பலர். "நூலகத்துக்கே இருக்கட்டும்" என்று மனதாரச் சொன்னவர்கள் அதைவிட அதிகம்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெருமையாக இருந்தது. அத்தனை பேர் முன்னால், இல்லாததை இல்லை என்று தலைகுனியாமல் சொல்ல எனக்கு வந்திருக்காது. இத்தனை வருடம் கூடவே இருந்தும் அவளுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. பந்தியில் பிரியாணி ஆறிப் போகும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெனி குறித்த நாளில் பெங்களூரில் அறை எடுத்தாள். போன மாதம் அவள் விடுமுறையில் வந்திருந்தபோது கல்லூரியிலிருந்து ஒரு மாணவி என் கைபேசிக்குக் கூப்பிட்டாள்.

"சார், இந்த வருஷ டொனேஷன் விஷயமா..."

"சொல்லும்மா. எவ்வளவு?" என்றேன் கம்பீரமாக.

மறுமுனையில் கிசுகிசுப்பு. பிறகு தயக்கத்தோடு, "சாரி சார், உங்ககிட்ட தொகை பேசக் கூடாதுன்னு இங்க சொல்றாங்க. மேடம் இருக்காங்களா?"

நன்கொடை கேட்டு வந்தவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய பெற்றோர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கத்தில் இருந்த ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் ஊருக்கு வந்திருக்கும்போது வாசலில் காய்காரர் விலை சொல்ல ஆரம்பித்தாலே, "அண்ணா, அப்பாகிட்ட தொகை பேசாதீங்க, மேடம் வர்றாங்க" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறாள். மேடமும் சிரித்துக்கொண்டே வருகிறாள். நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறேன்.