சாம்பிளார் பார்த்து வந்த மலை

கடவுள் இந்த உலகத்தைப் படைப்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு உலகம் செய்து, யாரிடமாவது காட்டி, சரி என்று வாங்கிக்கொண்டுதான் பெரியதைச் செய்தாரா என்று கவலைப்படக்கூடிய ஒரே மனிதர் திருப்பூரில் எங்கள் சாம்பிளார்தான். சம்பளப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எங்கள் பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் அவர் பொறுப்பு. ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று தைத்து வெளிநாட்டுப் பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, அனுப்ப வேண்டும். அந்தப் பையர் குறைகளை எழுதி அனுப்புவார். அதற்குக் கமெண்ட்ஸ் என்று பெயர். எல்லாம் சரியானதும் ஒரு அட்டையைக் கட்டி, அதில் பையர் கையெழுத்துப் போட்டால்தான் பல்க், அதாவது மொத்தத் தையல், ஓடும். கம்பெனிக்குள் இருக்க வேண்டிய இந்த வழக்கத்தைச் சாம்பிளார் வெளியேயும் கொண்டுபோய்விட்டார். ஓட்டலில் ஒரு இட்லி மட்டும் வரவழைத்து, விண்டு பார்த்து, சாப்பிட்டுவிட்டு, "சரிங்க, பல்க் கொண்டாங்க" என்பார். பல்க் என்பது இன்னும் மூன்று இட்லி. வீடு கட்டியபோது காலி மனையில் மாடிப்படியை மட்டும் முதலில் கட்டி, ஒரு வாரம் ஏறி இறங்கிப் பார்த்தார். எங்கேயும் போய்ச் சேராத படியில் ஒரு மனிதர் காலையும் மாலையும் ஏறி இறங்குவதைத் தெருவே நின்று பார்த்தது.

நான் அதே கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமெண்ட் அடிப்பவன். உலகத்துத் துறைமுகம் அத்தனையின் பெயரும் என் விரலுக்குத் தெரியும். ஆனால் கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டி நான் போனதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கப்புறம் மாடிப்படியைக் கண்டாலே பயம். என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பனிமலைப் படம் வைத்திருந்தேன். மலையடியில் இரண்டு பேர் சைக்கிளில் போவார்கள். அப்படி ஒரு இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. பார்க்கப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் சாம்பிளார் என் மேஜைக்கு வந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்ணா, இது எந்த ஊருங்க?"

"நேபாளமாம்."

"போலாமுங்களா? இதே மாதிரி சைக்கிள்ல?"

டீ எனக்குப் புரையேறிவிட்டது. "தம்பி, எனக்கு பாஸ்போர்ட்டே இல்லீங்க!"

"வோட்டர் ஐடி போதுமுங்ணா. விசாரிச்சுட்டேன்."

வெளிநாட்டுக்கு வோட்டர் ஐடியில் போகலாம் என்கிற அதிர்ச்சியிலிருந்து நான் எழுந்திருப்பதற்குள், என்னை என் டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

"டாக்டருங்க, இந்த அண்ணன் ஒரு தடவ தொவைச்சு எடுத்தா எவ்வளவு சுருங்குவாருங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மலைல சைக்கிள் ஓட்டுனா தாங்குவாராங்கறேன்."

அந்தக் கேள்வியை நான்கு விதமாகக் கேட்ட பிறகு, உயரம் அதிகமில்லாத பாதையாக இருந்தால், மெதுவாகப் போனால், மூச்சு வாங்கினால் இறங்கி நடந்தால், போகலாம் என்றார் டாக்டர். சாம்பிளார் அதை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார். டாக்டரும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் போட்டுவிட்டார்.

அடுத்த பிரச்சினை, கைடு வேண்டுமா வேண்டாமா என்பது. நான் வேண்டும் என்றேன். அவர் ஒரே பிடியாக வேண்டாம் என்றார். "பையர் கூடவே நின்னா தெச்சுக் குடுக்கறான்? பேப்பர்ல அனுப்பறதப் பாத்து நாமளே தெக்கறமுல்ல? போன்ல மேப் இருக்குதுங்ணா, போதும்." எதற்கும் ஒரு சாம்பிள் பார்த்துவிடலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மவுண்டன் பைக்கை வாடகைக்கு எடுத்து, வேனில் ஏற்றி, காங்கேயம் பக்கம் சிவன்மலைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

மலையைச் சுற்றி ஒரு மண்பாதை இருப்பதாக போன் சொன்னது. போனைக் கையில் பிடித்தபடி சாம்பிளார் முன்னால் போனார். பின்னால் நான். பாதை ஒரு சரிவில் இறங்கியது. இறங்கியவர் நிற்கவே இல்லை. நேராக ஒரு எண்ணெய் ஆலையின் களத்துக்குள் புகுந்து, காயப்போட்டிருந்த தேங்காய்ப் பருப்புக்கு நடுவில் சைக்கிளோடு உருண்டார். பருப்பைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா பலகையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க சாமி, இந்தத் தடத்துல ஏனுங்க வந்தீங்க? இது எங்க களத்துக்கு வர்ற தடமுங்க. மேலயே நாலு பேரு நின்னாங்கல்ல, ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்கல்லங்க!"

சாம்பிளார் தலையில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பருப்பை எடுத்துப் போட்டார். ஒரு நிமிஷம் யோசித்தார். "சாம்பிள் ரிஜெக்டுங்ணா. கைடு வேணும்."

அதன் பிறகு நேபாளத்துப் போக்ராவில் இருந்த ஒரு கைடுக்குப் பிடித்தது சனி. கம்பெனியின் ஒடிசாப் பையன்களோடு தையல் லைனில் நின்று சாம்பிளார் பழகிய இந்தியில் தினம் ஒரு வீடியோ கால். பாதையின் படங்களை அனுப்பச் சொன்னார். அனுப்பினான். எங்கள் சாம்பிளார் கமெண்ட்ஸ் எழுதி அனுப்பினார். "மூணாம் நாள் ஏத்தம் ஜாஸ்தியா இருக்குது. கொறைச்சு மறுபடி அனுப்பவும்." பிறகு கைடு மிக மரியாதையாகச் சொன்னான். "சார், மலை எங்களுக்கு முன்னாடியே அப்ரூவ் ஆனது. அதுல நான் கை வைக்க முடியாது."

ஆனால் உண்மையான சிக்கல் நான்தான். சிவன்மலையிலிருந்து திரும்புகிற ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, டாக்டர் சொன்ன மாதிரி இறங்கி நடந்திருந்தால் சரியாகியிருக்கும். நான் நடக்கவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவரிடம் சொன்னேன். "என்னை விட்டுருங்க தம்பி. வழியில ஏதாச்சும் ஆயிட்டா? நான் வரலை."

எதற்கும் நான்கு கேள்வி கேட்கிற மனிதர் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து போனதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. கம்பெனியே ஆடிப்போய்விட்டது. மகள் கல்யாணத்தன்று மத்தியானம் வந்து அட்டை கட்டிவிட்டுப் போன மனிதர்! போட்டிக் கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று முதலாளி சாப்பிடாமல் கிடந்தார். வீட்டுக்குப் போன் போட்டால் அவர் சம்சாரம், "ஏதோ சாம்பிள் பாக்கோணும்னு போயிருக்காருங்க, எங்கீன்னு எனக்குச் சொல்லலீங்க" என்றார். என்மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் அழைத்தால் எடுக்கவும் இல்லை.

பத்தாம் நாள் வந்தார். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. முழங்கையில் கட்டு. நேராக என் மேஜைக்கு வந்து, நூல் கோர்த்த ஒரு அட்டையை வைத்தார். கம்பெனியில் சாம்பிளுக்குக் கட்டுகிற அதே அட்டை. அவருடைய கோழிக்கிறுக்கல்.

'முதல் நாள்: ஏரிக்கரை. சமவெளி. ஓகே. இரண்டாம் நாள்: ஏற்றம் உண்டு. உட்கார மூன்று இடத்தில் நிழல் உண்டு, மூன்றிலும் உட்கார்ந்து பார்த்தாச்சு. மூன்றாம் நாள்: அண்ணனால் ஓட்ட முடியாது. இரண்டு சைக்கிளையும் நான் தள்ளிக்கொள்வேன், தள்ளிப் பார்த்தாச்சு. கைடு நல்ல பையன், வழி கேட்டால் சொல்கிறான். ஆஸ்பத்திரி: வழியில் எங்கிருந்தும் ஜீப்பில் அரை மணி நேரம். இசிஜி மெஷின் வேலை செய்கிறது. எனக்கு எடுத்துப் பார்த்தாச்சு.'

"தம்பி!" என்றேன். என் சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட எனக்காக ஒரு மாடிப்படி ஏறியதில்லை.

"நீங்க பயப்படறது நாயந்தானுங்ணா. சாம்பிள் பாக்காம உங்களையப் பல்க்ல எறக்கப் பாத்தனுல்லங்க, தப்பு எம்பேர்லதான்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமுல்ல?"

"சொன்னா வுடுவீங்களாக்கும்?"

அட்டையின் அடியில் பையர் கையெழுத்து என்று ஒரு கோடு காலியாக இருந்தது. பக்கத்தில் என் பெயர். சாம்பிளார் பேனாவை நீட்டினார்.

போட்டேன். அவர் அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, கையெழுத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதலாளியிடம் திட்டு வாங்க மேலே போனார்.

அடுத்த மாதம் கிளம்புகிறோம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒருத்தர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டால், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.