அசையாச் சொத்தும் அடித்துணியும்

பஸ்ஸை விட்டு இறங்கி, கீழே வைத்த பையைத் தூக்கக் குனிந்தபோது பின்னால் 'டர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் ஏதோ துணிக்கடையில் துணி கிழிக்கிறார்கள் என்றுதான் உறைக்காரர் முதலில் நினைத்தார். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம். அப்புறம் காற்று வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்தது.

கையைப் பின்னால் விட்டுத் தடவினார். கறுப்பு பேண்ட்டின் நடுத் தையல் மேலிருந்து கீழ்வரை பிரிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

காலையிலேயே மனைவி சொன்னாள். "அந்தப் பேண்ட் வேணாங்க, தையல் இத்துப் போயிருக்கு."

"உள்தையலை யாரு பாக்கப் போறா?" என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர். இப்போது பஸ் நிறுத்தத்தில் பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியில் அவருக்கு உறைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மெத்தை உறை, தலையணை உறை, சோபா உறை, மேஜை விரிப்புக்கு அடியில் போடுகிற தடித்த துணி, திரைச்சீலைக்குப் பின்னால் தைக்கிற லைனிங் என்று, மற்ற துணிகளைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்த துணிகளை விற்பது அவர் வேலை. எதிர்ச்சாரியில் இருந்த பெரிய ஓட்டலின் கொள்முதல் அதிகாரியை அன்று காலை அவர் பார்த்தாக வேண்டும். ஆர்டர் கிடைத்தால் தப்பித்தார். கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து குடோன் வேலை என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். குடோனின் பஞ்சுத் தூசியை நினைத்தாலே உறைக்காரருக்குத் தும்மல் வந்துவிடும்.

அந்த அதிகாரியை அவர் நேரில் பார்த்ததில்லை. ஃபோனில் குரல் மட்டும்தான் பழக்கம். துணி விற்பவர்களெல்லாம் அவருக்கு 'அசையாச் சொத்து' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தலைகீழாக நின்று பேசினாலும் சொன்ன விலையிலிருந்து அசைய மாட்டாராம்.

உறைக்காரர் அவசரமாகப் பையைத் திறந்தார். பை கொள்ளாமல் துணி இருந்தது. ஆனால் எல்லாம் மாதிரித் துண்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒரு பெரிய மனுஷனின் மானத்தை மூடும் அளவுக்கு ஒன்றுகூட இல்லை. இருந்ததில் பெரியதாக, பூப்போட்ட சோபாத் துணி ஒன்றை எடுத்துக் கிழிசலுக்குள் செருகிக்கொண்டு நடந்தார். நாலடிகூட நடந்திருக்க மாட்டார்.

"சார், உங்க கர்சீப் விழுந்துடுச்சு" என்று பின்னால் வந்த அம்மாள் ஒருத்தி எடுத்து நீட்டினாள்.

பையைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து ஒரு தையல்கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

தையல்காரர் கிழிசலைப் பார்த்தார். "இது என்ன பெரிய வேலை? கழட்டிக் குடுங்க."

"எங்க நின்னு கழட்டறது?"

நியாயமான கேள்விதான். கடையில் ஒரு மெஷினும் தையல்காரரும் இருக்கவே இடம் போதவில்லை. முன்பக்கம் முழுக்கத் தெரு.

"பக்கத்து சலூன்ல போய் உக்காருங்க. கழுத்துலேருந்து தரை வரைக்கும் துணி போத்திடுவாரு. அதுக்குள்ளேயே கழட்டிட்டீங்கன்னா, நடுச்சுவர் ஜன்னல் வழியா எங்கிட்ட குடுத்துடுவாரு. கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும்."

சலூனில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் யாரோ ஒருவர் கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி, முகத்தில் சூடான துண்டு போட்டபடி, சாய்ந்து கிடந்தார். உறைக்காரர் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, முடிதிருத்துபவரின் காதில் விஷயத்தைச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. துணியைப் போர்த்தினார். அதற்குள் உறைக்காரர் நெளிந்து, வளைந்து, ஒரு காலை உருவி, இன்னொரு காலில் ஷூ மாட்டிக்கொண்டு தவித்து, கடைசியில் பேண்ட்டை வெளியே நீட்டினார். அது ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

"சரி, உங்களுக்கு என்ன பண்ணணும்?" என்றார் முடிதிருத்துபவர்.

"ஒண்ணும் வேணாம். சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்கார இதென்ன பார்க்கா சார்? பெஞ்சுல பாருங்க, ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

உறைக்காரர் முந்தாநாள்தான் முடி வெட்டியிருந்தார். வேறு வழியில்லை. "அப்ப லேசா, ரொம்ப லேசா ஒரு டிரிம்."

கத்தரி வேலையை ஆரம்பித்தது. மூலையில் இருந்த ஃபேன் தலையைத் திருப்பித் திருப்பி ஊரைப் பார்த்துவிட்டு மெல்ல அவர் பக்கம் வந்தது. போர்த்திய துணியின் ஓரம் படபடவென்று எழும்பியது. உறைக்காரர் இரண்டு முழங்காலாலும் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"ஃபேன்! ஃபேனை நிறுத்துங்க!"

"ஆமா, நிறுத்துங்க! எனக்கும் ஆகாது!" என்று பக்கத்து நாற்காலியின் துண்டுக்குள்ளிருந்தும் ஒரு குரல் வந்தது. முகம் தெரியாத அந்த மனிதர்மேல் உறைக்காரருக்கு நன்றி பொங்கியது.

ஃபேன் நின்றது. அடுத்த நிமிஷமே சுவருக்கு அந்தப்புறம் ஓடிக்கொண்டிருந்த மெஷினும் நின்றது. ஜன்னல் வழியே தையல்காரர் குரல் கேட்டது. "கரண்ட் போச்சு! இது மோட்டார் மெஷின். வந்தாத்தான் வேலை நடக்கும்!"

உறைக்காரர் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். வெட்டுவதற்குத் தலையில் மிச்சமும் அதிகமில்லை. "மீசையை ஒதுக்குங்க. நிதானமா ஒதுக்குங்க. அவசரமே இல்ல" என்றார்.

முடிதிருத்துபவர் கத்தியை எடுத்தார். அவர் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே, தாமதம் ஆகும் என்று அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது என்று உறைக்காரருக்குத் தோன்றியது. துணிக்கு வெளியே கையை நீட்டி ஃபோன் போட்டார். பக்கத்து நாற்காலியில் ஏதோ ஒரு ஃபோன் மணியடித்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"சார், வணக்கம். மெத்தை உறை விஷயமா வரேன்னு சொன்னேனே... டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன் சார். வண்டி ஒரு இஞ்ச் நகர மாட்டேங்குது."

"பரவாயில்ல, மெதுவாவே வாங்க. நானும் ஒரு முக்கியமான மீட்டிங்ல இருக்கேன்."

அந்தப் பதில் அவருடைய இடது காதிலும் விழுந்தது, வலது காதிலும் விழுந்தது. இடது காதில் ஃபோன் இருந்தது. வலது பக்கம் நாற்காலிதான் இருந்தது. உறைக்காரர் வெடுக்கென்று திரும்பினார். கத்தி அதுபாட்டுக்கு நேராகப் போனது. பாதி மீசை அவர் மடியில் விழுந்தது.

பக்கத்தில் இருந்தவர் துண்டை விலக்கிக் கண்ணாடியில் பார்த்தார். இருவர் கையிலும் ஃபோன்.

"ரோட்ல டிராஃபிக் ஜாஸ்தி போல" என்றார் அசையாச் சொத்து.

"ஆமா சார்... மீட்டிங் நல்லபடியா போகுதுங்களா?"

"போகுது, போகுது."

பெரிய மனிதரைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்வது விற்பனைக்காரனின் ரத்தத்தில் ஊறியது. உறைக்காரர் தன்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டார். அப்புறம்தான் நிலைமை ஞாபகம் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். முட்டிவலி."

"ஐயோ, எந்திரிக்கவே எந்திரிக்காதீங்க! உக்காந்தே இருங்க!" என்றார் அதிகாரி.

எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் உறைக்காரர். ஆனால் எப்பேர்ப்பட்ட தங்கமும் இப்போது கிளம்பிப் போனால்தான் நல்லது. பேண்ட் ஜன்னல் வழியாக வரும்போது இவர் இங்கே இருக்கக்கூடாது. மிச்சப் பாதி மீசையையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டு, குரலில் தேனைக் குழைத்தார். "உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் சார். நீங்க முடிச்சுட்டுக் கிளம்புங்க. நான் பின்னாலேயே ஓட்டலுக்கு வந்துடறேன்."

"இல்ல இல்ல, நீங்க முதல்ல போய் ரிசப்ஷன்ல உக்காருங்க. நான் வரேன்."

"உங்களுக்கு முன்னாடி நான் எந்திரிச்சுப் போனா மரியாதையா இருக்குமா சார்?"

"மரியாதை எல்லாம் நான் பாக்கறதில்ல. போங்க."

"உங்களைப் பத்திரமா அனுப்பி வெச்சுட்டுத்தான் சார் போவேன்."

அதிகாரி முடிதிருத்துபவர் பக்கம் திரும்பினார். "எனக்குத் தலைக்குச் சாயம் போட்டுடுங்க."

"எனக்குத் தலை மசாஜ்" என்றார் உறைக்காரர் விட்டுக்கொடுக்காமல்.

சாயம் முடிந்தது. அதிகாரி காதோர முடியை எடுக்கச் சொன்னார். உறைக்காரர் புருவத்தைச் சீராக்கச் சொன்னார். அதிகாரி முகத்துக்கு ஏதோ பச்சையாகப் பூசச் சொன்னார். அதே பச்சையை உறைக்காரரும் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார். பெஞ்சில் காத்திருந்த இருவரும், "இவங்களுக்கு வீடு வாசலே கிடையாதா?" என்று முனகிவிட்டு வேறு கடை தேடிப் போனார்கள்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை என்று உறைக்காரருக்குப் புரிந்தது. இப்படி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துதானே எதிராளியைக் களைக்க வைப்பார்!

இரண்டு நாற்காலிக்கும் ஓடி ஓடிக் களைத்தது முடிதிருத்துபவர்தான். பச்சையைக் கழுவத் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி வந்தவரின் கால், உறைக்காரர் பையில் தட்டியது. சொம்புத் தண்ணீர் அப்படியே அதிகாரியின் மடியில் கவிழ்ந்தது.

"ஐயையோ! எந்திரிங்க சார், எந்திரிங்க! துணியை உதறிடறேன்!"

அதிகாரி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும். தண்ணிதானே."

மடியில் குளமே கட்டி நிற்கிறது, மனிதர் அசையவில்லை! உறைக்காரர் மலைத்துப் போனார். ஆனால் விற்பனைக்காரன் மூளை சும்மா இருக்குமா? உட்கார்ந்தபடியே காலால் பையை இழுத்து, மெத்தை உறைத் துணியில் நாலைந்து மாதிரித் துண்டுகளை அள்ளி நீட்டினார். "இதைப் போட்டு ஒத்துங்க!"

முடிதிருத்துபவர் ஒத்தினார். குளம் வற்றியது. அதிகாரி ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கம் நனைந்திருந்தது. அடிப்பக்கம் சொட்டு ஈரம் இல்லை.

"அடியில இறங்கவே இல்லையே" என்றார் ஆச்சரியமாக.

"அதான் சார் நம்ம சரக்கு!" உறைக்காரர் முகத்தில் பச்சை காய்ந்து விரிசல் விட்டிருந்தது. அதோடேயே பேசினார். "உங்க ஓட்டல்ல பட்டு மாதிரி மேல்விரிப்பு போடறீங்க. வர்றவங்க அதைத்தான் பாப்பாங்க. அதுமேல காப்பியைக் கொட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. மெத்தையைக் காப்பாத்தறது எது? அடியில இருக்கற உறை. மேஜைமேல தட்டு வைக்கறப்ப சத்தம் வராம பாத்துக்கறது எது? விரிப்புக்கு அடியில இருக்கற தடித்துணி. திரைச்சீலை வெயில்ல வெளுக்காம நிக்கறது லைனிங்னால." அவர் மனதில் மனைவி காலையில் சொன்னது வந்து போனது. "உள்ள இருக்கறதை யாரு பாக்கப் போறான்னு நெனைக்கறோம் சார். ஒருநாள் நாலு பேர் நடுவுல அது கைவிடும் பாருங்க, அன்னிக்குத் தெரியும். மேல எவ்வளவு ஜோரா உடுத்தியிருந்தாலும், மானத்தைக் காப்பாத்தறது அடித்துணிதான் சார்!"

அதிகாரி அந்தத் துண்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் பார்த்தால் அவர் கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது போலத் தெரிந்தது.

"இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர் எங்கிட்ட துணி வித்திருக்காங்க" என்றார் மெல்ல. "யாரும் இப்படி மனசைத் தொடற மாதிரி பேசினதில்ல. எல்லா ரூமுக்கும் போட்டுடுங்க. மெத்தை, தலையணை, மேஜை, திரைச்சீலை, ஒண்ணு விடாம."

"விலை சார்...?"

"நீங்க சொல்ற விலைதான்."

அசையாச் சொத்து அசைந்துவிட்டது! குடோன் தூசி அவர் மூக்கை விட்டு நிரந்தரமாக விலகியது. எழுந்து ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்கும் நிலையில்தான் அவர் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. சுவருக்கு அப்பால் மெஷின் 'கடகட'வென்று ஓட ஆரம்பித்தது. "அப்பாடா!" என்றார் உறைக்காரர். "அப்பாடா!" என்றார் அதிகாரியும். வெயில் நேரத்தில் கரண்ட் வந்தால் யாருக்குத்தான் நிம்மதியாக இருக்காது?

ஆனால் உறைக்காரருக்கு அந்த நிம்மதி நிலைக்கவில்லை. இனி எந்த நொடியும் ஜன்னல் திறக்கும். மானத்தைப் பற்றி இவ்வளவு உருக்கமாகப் பேசிய வாயோடு, இவர் கண்முன்னால் பேண்ட்டை எப்படி வாங்குவது? கிடைத்த ஆர்டர் சிரிப்பாய்ச் சிரித்துவிடுமே!

"சார், இப்பவாவது நீங்க முன்னாடி..."

மெஷின் நின்றது. ஜன்னல் கதவு கிரீச்சிட்டது. மடித்த பேண்ட் ஒன்றைப் பிடித்தபடி ஒரு கை உள்ளே வந்தது, பின்னாலேயே தையல்காரரின் தலையும் வந்தது.

எல்லாம் முடிந்தது என்று உறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பேண்ட் சாம்பல் நிறத்தில் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. "ஏங்க, ஆள் மாத்திக் குடுக்கறீங்க" என்று கிசுகிசுத்தார். "என்னோடது கறுப்பு!"

தையல்காரர் சிரித்தார். "தெரியும் சார், உங்களோடது இனிமேதான். இது பக்கத்து நாற்காலி சாரோடது, அவருதான் உங்களுக்கு முன்னாடி கிழிச்சுக்கிட்டு வந்தாரு."