மைனஸும் மாலை ஆறு மணி ரீடிங்கும்

திருமழிசையிலிருந்து தென் துருவத்துக்கு ஃப்ரீசர் ரிப்பேர் பார்க்கப் போன ஒரே மனிதர், உலக சரித்திரத்திலேயே மைனஸ்தான். உலக சரித்திரம் முழுவதையும் நான் படித்ததில்லை. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் துணிந்து சொல்வேன்.

எங்கள் கம்பெனி ஒரு குளிர்பதனக் கிடங்கு. இறாலும் ஐஸ்கிரீமும் மைனஸ் இருபது டிகிரியில் அயர்ந்து தூங்கும் இடம். நான் ஸ்டோர்ஸ் ஆபீசர், அதாவது அவற்றோடு சேர்ந்து தூங்குகிறவன். மெஷின்களைப் பார்த்துக்கொண்டது பாரிவாக்கத்துக்காரரான மைனஸ். அது நாங்கள் வைத்த பட்டப்பெயர். கிடங்கின் பாஷை அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. சித்திரை வெயிலை "பிளஸ் நாப்பது" என்பார். தனக்குக் காய்ச்சல் வந்தால் "பிளஸ் முப்பத்தொம்போது, லீவு" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

துருவக் கடலுக்குப் போகும் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றுக்கு ஃப்ரீசர் மெக்கானிக் தேவை என்று ஒரு கான்டிராக்டர் எங்கள் டீக்கடைக்கு வந்து கேட்டபோது, மைனஸ் கையைத் தூக்கிவிட்டார். டீக்கடை மொத்தமும் சிரித்தது. ஐஸ் மலைக்கு நடுவில் ஐஸ் பெட்டி எதற்கு, வெளியில் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்டார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மைனஸ் டீயைக் கீழே வைத்தார். "வெளில வெச்சா ஒரு நாளு மைனஸ் ரெண்டு காட்டும், ஒரு நாளு மைனஸ் இருவது காட்டும். சாம்பிளுக்கு அது ஆவாது மாமே. அப்பால அதைத் தூக்கிகினு வெயிலு கடலைத் தாண்டி வரணும். அப்ப இன்னா, விசிறி உடுவியா?"

சில மாதங்கள் கழித்துத் தாடியோடு திரும்பி வந்தார். எல்லோரும் பெங்குவினைப் பற்றியே விசாரித்தார்கள். "நாத்தம்" என்பதோடு அந்த அத்தியாயத்தை அவர் முடித்துக்கொண்டார். கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஆடியதையும், கட்டிலோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தூங்கியதையும் கேட்டால்தான் சொல்வார். கேட்காமலே சொன்னது ஒன்றுதான். படித்தவர்கள் பத்துப் பேர் ராப்பகலாக நின்று, கடலின் அடி ஆழத்துக்குக் குப்பிகளை இறக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். குப்பி மேலே வந்ததும் முதல் வேலையாக, எந்த இடம், எத்தனை ஆழம், எத்தனை மணி, எடுத்தது யார் என்று பென்சிலால் சீட்டு எழுதுகிறார்கள்.

"அந்தத் தண்ணிய விட சீட்டுதான் சார் முக்கியம். சீட்டு போச்சுன்னா அது வெறும் உப்புத்தண்ணி."

இந்த ஞானம் கப்பலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் வந்து சேர்ந்தது. கப்பலில் வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு என்று இரண்டு வைப்பார்களாம். வெளிச்சீட்டு உரிந்து விழுந்தாலும் உள்சீட்டு காப்பாற்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டபோது, வத்தக்குழம்பில் என் பல்லில் ஏதோ நெருடியது. கறிவேப்பிலை என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். 'மேல் தட்டு, இடது மூலை, வெள்ளிக்கிழமை, காலை எட்டு' என்று எழுதியிருந்தது. ஈரத்திலும் எழுத்து கலையவில்லை. பென்சிலின் மகிமை.

"இந்தாளு என்னியும் ஒரு டப்பால போட்டுச் சீட்டு ஒட்டிடும் சார்" என்றார் அவர் மனைவி, இரண்டாவது கரண்டி ஊற்றியபடி.

சிக்கல் கிடங்கில் ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அறைக்குள் போய் வெப்பநிலையைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும் என்பது விதி. காலையில் வந்ததும் நாள் முழுவதற்கும் '-20' என்று கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டுப் பேப்பர் படிப்பது வழக்கம். அந்த வழக்கத்தை உருவாக்கியவன் நான். திரும்பி வந்த மைனஸோ நிஜமாகவே உள்ளே போய்ப் பார்க்கத் தொடங்கினார். பார்த்ததை எழுதினார். தப்பாக எழுதினால் அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டார். அவருடைய தாள் காக்கா கிளறிய மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது பயணத்துக்கு அழைப்பு வந்தது. மைனஸுக்கு வேறு நினைப்பே இல்லை. லீவு கொடுக்க வேண்டிய மேனேஜர் விண்ணப்பத்தைப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தார். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், தாள்களையெல்லாம் அழகாகத் திருப்பி எழுதிக் கொடுத்தால் கையெழுத்து என்றார்.

"பாக்காததை எழுத மாட்டேன் சார்" என்றார் மைனஸ். விண்ணப்பம் பேப்பர்வெயிட்டுக்கு அடியிலேயே கிடந்தது. மனது கேட்காமல் நானே எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். ஒரே மூச்சில் எழுதினேன். முத்து முத்தான கையெழுத்து, எங்கும் மைனஸ் இருபது.

ஆய்வுக்கு வந்த அம்மையார் காலை பதினொரு மணிக்குத் தாளைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, மணி என்ன என்று என்னைக் கேட்டார். பதினொன்று பத்து என்றேன்.

"இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணி ரீடிங் இதுல இருக்கே?"

கை வேகத்தில் அன்றைய நாளையும் முடித்துவிட்டிருந்தேன். உலகத்து விஞ்ஞானிகள் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு நாளைய வெப்பத்தைக் கணிக்கத் திணறும்போது, நான் ஒரு பால்பாயின்ட் பேனாவால் சாதித்திருந்தேன்.

"அது அட்வான்ஸ் ரீடிங் மேடம்" என்றார் மேனேஜர்.

அம்மையார் சிரிக்கவில்லை. அசல் எங்கே என்று கேட்டார். மைனஸ் தன்னுடைய காக்காத் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். 'இரண்டு மணி: -17, கரண்ட் இல்லை. நாலு மணி: -15, ஜெனரேட்டர் பெல்ட் அறுந்தது.' இன்னொரு நாளில், 'எட்டு மணி: எடுக்கவில்லை, பல் வலி.' அதைப் பார்த்துத்தான் அவர் முகம் மலர்ந்தது. எந்த நாள் சரக்கைச் சோதிக்க வேண்டும் என்பதாவது இப்போது தெரிகிறது என்றார். போகும்போது, இனி இவர்தான் ரீடிங் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் சரக்கை வேறு கிடங்குக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதாவது, உண்மை எழுதிய குற்றத்துக்காக மைனஸுக்குக் கப்பல் கைநழுவிப் போயிற்று. மேனேஜர் விண்ணப்பத்தைக் கையெழுத்தில்லாமலே எடுத்து நீட்டினார். "நீ போயிட்டா எவன்யா எழுதுவான்?"

மைனஸ் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்த மடிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"நான் எழுதறேன்" என்றேன்.

மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். நியாயமான சிரிப்புதான். மைனஸ் சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார். "உள்ள போய்ப் பாத்துட்டு எழுதுங்க சார். அவ்ளோதான்."

என் நச்சரிப்பு தாங்காமல் மேனேஜர் அந்த அம்மையாரிடம் போனில் பேசினார். ஒரு மாதம் திடீர் திடீரென்று வந்து பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு அவர் ஒப்புக்கொண்டார். வந்தும் பார்த்தார். நாலாவது வாரம் விண்ணப்பத்தில் கையெழுத்து விழுந்தது.

மைனஸ் இப்போது எங்கோ தெற்கே இருக்கிறார். குரங்குக் குல்லாயும் கம்பளிக் கோட்டுமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நான் இறால்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். வாரம் ஒரு முறை கப்பலிலிருந்து போன் வரும். சௌக்கியமா என்றெல்லாம் கேட்கமாட்டார். ரீடிங் என்ன என்றுதான் கேட்பார்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி ரீடிங் நேரத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது ஐந்தரை. பழைய பழக்கத்தில் பென்சில் '-' வரை போய்விட்டது. கோடு போட்டு அடித்து, கையெழுத்திட்டு, 'எடுக்கவில்லை, தூக்கம்' என்று எழுதினேன். மைனஸ் போன் செய்தபோது அதைப் படித்துக் காட்டினேன்.

"அந்தத் தாளைப் பத்திரமா வெச்சிருங்க சார். நான் வந்து பாக்கணும்" என்றார்.

பத்திரமாகத்தான் இருக்கிறது, உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டோடு. என் மேஜைக் காலண்டரில் அவர் திரும்பி வரும் நாளைக் குறித்துவைக்கக் கை பரபரக்கிறது. கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். ஆள் வந்து நின்ற பிறகு, பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளலாம்.