டைம்கீப்பர் அடித்த ஒரே உதை

பதுளை பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலை பார்த்த அந்த மனிதர் இருந்தவரை, ஊவா மாகாணத்தில் ஒருத்தனாலும் வீடியோ கேமைச் சிரித்துக்கொண்டு ஆட முடியவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நேரம் பார்த்து விசில் ஊதி பஸ்களை விரட்டுவது அவர் உத்தியோகம். டியூட்டி முடிந்ததும் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கேம் கடைக்கு வந்துவிடுவார். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. நானும் சேகரும் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்தோம். வாரம் முழுக்க சீமெந்து மூட்டை. சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் சண்டை கேம். எங்களுக்கு இருந்த ஒரே கொண்டாட்டம் அதுதான். நான் குண்டுப் பயில்வானை எடுப்பேன், சேகர் கிழவனை எடுப்பான். இரண்டும் காற்றில் கையை வீசும், நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். யார் ஜெயித்தது என்று கவனிப்பதுகூட இல்லை.

இவருக்கு அது பொறுக்காது. தள்ளு தம்பி என்று நடுவில் வந்து உட்காருவார். ஆட்டம் தொடங்கியதும் ஓர் உதை. ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு திரையில் நேரம் முடியும்வரை பின்னால் குதித்து ஓடிக்கொண்டே இருப்பார். நேரம் முடியும்போது யாருக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவனுக்குத்தான் வெற்றி. அந்த ஓர் உதை போதும். துரத்தித் துரத்தி என் கட்டைவிரல் வீங்கிப்போனது. சண்டை கேமில் சண்டையே போடாமல் ஜெயிக்கிற மனிதரை என்னதான் செய்வது?

ஒருநாள் பொறுமை போய்விட்டது. நான் ஜெயித்தால் இனிச் சனிக்கிழமைகளில் நீங்கள் இந்தக் கடைப் பக்கமே வரக்கூடாது என்றேன். வாக்குன்னா வாக்கு என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்த சனி, கடை நிறையக் கூட்டம். அதிர்ஷ்டமோ என்னவோ, முதல் உதை என்னுடையது. பிறகு நான் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. ஓடினேன். மூலைக்கு மூலை குதித்து ஓடினேன். பின்னால் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள், சேகர் தலையில் அடித்துக்கொண்டான். கைதட்டியது ஒரே ஒருவர், தோற்றுப்போன டைம்கீப்பர்.

"இப்பதான் தம்பி நீ வெளையாடுற" என்றார், முகமெல்லாம் பல்லாக. எழுந்து போனவர் சொன்னபடி அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

நிம்மதி என்று நினைத்தீர்களா? பழையபடி பயில்வானை எடுத்தேன். சேகரின் கிழவனுக்கு ஓர் உதை விட்டதும் என் விரல் தானாகவே பின்னால் ஓடும் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றது. வேண்டுமென்று செய்யவில்லை. சேகர் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான்.

"ஒனக்கு அந்தாளுதான்டா சரி" என்று சொல்லிவிட்டு பிளேன்டீ குடிக்கப் போய்விட்டான்.

நேரே ஸ்டாண்டுக்குப் போனேன். அன்று டைம்கீப்பர் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் லுணுகலை பஸ்ஸை விரட்டிக்கொண்டிருந்தார். கடைக்கு வாங்க என்று கூப்பிட்டேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, சனிக்கிழமை வர முடியாது என்றார்.

"நான் தோத்துட்டதா வச்சுக்குங்கண்ணே."

"அப்படியெல்லாம் வச்சுக்க முடியாது தம்பி. நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே, வந்து ஒழுங்கா தோத்துட்டுப் போ."

லீவு நாளில் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பஸ் பிடித்து, தோற்பதற்காகப் பதுளைக்குப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வழக்கம்போல ஓர் உதை, பிறகு ஓட்டம். அவர் ஓட, நான் துரத்த, திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பாழாய்ப்போன மனிதரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.