கொல்லையில் நின்ற ஆஸ்திரேலியா சாமி

பக்தி கூடினால் சிலருக்குக் கண் கொஞ்சம் மங்கிவிடும். எனக்கு மங்கியது எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக் கொல்லையில்.

முன்பு குடியிருந்தவர்கள் நட்ட நெட்டை மரம் ஒன்று அங்கே உண்டு. பெயர் யாருக்கும் தெரியாது. அடிமரம் வெள்ளை வெளேர் என்றிருக்கும். தடவினால் விபூதி மாதிரி பொடி கையில் ஒட்டும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம். போதாதா எனக்கு? விபூதிக்குச் சிவன், எலுமிச்சைக்கு அம்மன். பட்டை வேறு பாம்புச் சட்டைபோல் உரியும். (நாகராஜாவும் வந்தாச்சு!) மஞ்சள் துணி சுற்றி விளக்கேற்றத் தொடங்கினேன்.

"சாமிக்கு வேற எடம் கிடைக்கலையாக்கும்?" என்றார் கணவர். அவர் நெற்றியிலும் பூசிவிட்டேன்.

அப்போதுதான் மகள் கௌரியைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து வந்தார்கள். அலைந்து தேடிய வரன். கௌரிக்கும் பையனைப் பிடித்துப்போயிருந்தது. பையன் கார்த்திக் காட்டு மரங்களைப் பற்றிப் படித்து, அதிலேயே வேலை பார்ப்பவன். (தெரிந்தும் நான் சும்மா இருந்தேனா!) பஜ்ஜியும் சாயாவும் முடிந்ததும் அவன் அம்மாவின் நெற்றியில் பொடியை இட்டேன்.

"எந்தக் கோவில் பிரசாதம், மாமி?"

"நம்ம கொல்லையிலேயே இருக்கு, வாங்கோ!"

எல்லோரையும் பிரதட்சிணம் செய்ய வைத்தேன். கார்த்திக் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி இலையைக் கசக்கி முகர்ந்தான்.

"கும்பிடாம என்னடா முழிக்கறே?" என்றார் அவன் அம்மா.

"அம்மா... இது ஆஸ்திரேலியா மரம். யூகலிப்டஸுக்குச் சொந்தம், எலுமிச்சை வாசனை அடிக்கற ஜாதி. அடிமரத்துல இந்தப் பொடி தானா வரும்."

எல்லோரும் பாதிச் சுற்றில் நின்றார்கள். கணவர் அவசரமாக நெற்றியைத் துடைத்தார். கௌரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா? போச்சு, என் அசட்டுத்தனத்தால் குழந்தையின் கல்யாணம் நின்றது என்று பதறி, எப்படியாவது நடக்கணும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

கார்த்திக்கின் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். துடைக்கவில்லை.

"அத்தனை தூரத்திலேந்து வந்தும் விபூதி பூசிண்டு நிக்கறது. எம் பிள்ளை பாலக்காட்டிலேயே பொறந்து வெறும் நெத்தி!" என்றவர், மரத்தைத் தடவி அவன் நெற்றியில் இழுத்தார். "மிச்சச் சுத்தையும் முடிங்கோ. நல்ல காரியத்தைப் பாதியில விடப்படாது."

கல்யாணம் நடந்தது. இன்றும் சம்பந்தி போன் செய்தால் முதல் கேள்வி: "ஆஸ்திரேலியா சாமிக்கு விளக்கு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு மாமி" என்பேன். பொய்யில்லை, இன்றும் ஏற்றுகிறேன். அன்று நான் வேண்டிக்கொண்டபோது எதிரே நின்றது அந்த மரம்தானே!